ஒரே பெயர், மூன்று தொழில் முன்னோடிகள்

தமிழகத் தொழில் வரலாற்றில் சிதம்பரம் என்னும் பெயருடைய மூவர் தனியிடம் பெற்றுள்ளனர். ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வழக்கறிஞர் வ.உ. சிதம்பரம் பிள்ளை, ஆங்கிலேயரின் கப்பல் ஆதிக்கத்துக்கு எதிராக 1906-இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவினார். அதன் கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தோற்றுவித்தார். காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களில் அவ்வங்கி ஒரே வேளையில் பணி தொடங்கியது. எம்.ஏ. சிதம்பரம், தூத்துக்குடியில் ஸ்பிக் உர நிறுவனத்தை உருவாக்கினார். சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

தூத்துக்குடியில் 'சிதம்பரம் தொடங்கிய நிறுவனம்' என்றால் கப்பலா, உரமா என்ற ஐயம் எழும். அதனைத் தீர்ப்பது தலைப்பெழுத்தே. மூவர் பெயரிலும் இறுதித் தலைப்பெழுத்து தந்தையைக் குறிக்கிறது: முறையே உலகநாதன், முத்தையா, அண்ணாமலை.

இம்மரபு மாநில எல்லையைக் கடந்ததும் மாறுகிறது. ஹைதராபாத்தின் கச்சிபௌலியில் பணிபுரியும் தமிழர் இதனை அறிவர். உடன் பணியாற்றும் தெலுங்கரின் தலைப்பெழுத்து பெரும்பாலும் 'இண்டிபேரு' எனப்படும் குடும்பப் பெயரைக் குறிக்கும். நிறுவனப் படிவமோ முதற்பெயர், கடைசிப் பெயர் எனக் கேட்கும். நிரந்தரக் கணக்கு எண் அட்டையில் தலைப்பெழுத்து விரித்தெழுதப்பட்டிருக்கும். ஆதாரிலோ அது சுருங்கி நிற்கலாம். இவ்வேறுபாடே கணக்குத் தொடங்கும்போதும் வருங்கால வைப்புநிதி பெறும்போதும் தடையாகிறது. எனவே எல்லா ஆவணங்களிலும் பெயரை ஒரே வடிவில் அமைத்துக்கொள்வது நலம்.

பணம் அனுப்புகையில் இன்னும் கவனம் தேவை. மின்னணுப் பரிமாற்றத்தில் தொகை வரவு வைக்கப்படுவது கணக்கு எண்ணைக் கொண்டே. பெயரைக் கொண்டு அன்று. ஓர் இலக்கம் பிழையானால், பெயர் சரியாக இருந்தும் தொகை வேறொருவரைச் சேரக்கூடும். இதனைத் தவிர்க்க, ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தலின்படி 2025 ஏப்ரல் முதல் நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் முறைகளில் பயனாளியின் பெயரை முன்கூட்டியே சரிபார்க்கும் வசதி கட்டணமின்றி வழங்கப்படுகிறது. திரையில் தோன்றும் பெயரைத் தலைப்பெழுத்துடன் ஒப்பிட்ட பின்னரே தொகையை அனுப்புங்கள். 'சிதம்பரம்' என்று மட்டும் கண்டு நிறைவடைய வேண்டாம்.