மலை முடியும் இடம்

அரபிகா காப்பிச் செடிக்கு ஏற்ற ஆண்டுச் சராசரி வெப்பநிலை 18 முதல் 22 டிகிரி செல்சியஸ். வெப்ப மண்டல நாடுகளில் இந்த வெப்பநிலை மலைகளில்தான் கிடைக்கிறது. 100 மீட்டர் ஏறினால் சுமார் 0.6 டிகிரி குறையும். ஒரு டிகிரி குளிர் கூடுதலாக வேண்டுமானால் ஏறத்தாழ 165 மீட்டர் ஏற வேண்டும்.

குளிர், பழுப்பதைத் தாமதப்படுத்துகிறது. சூடான சரிவில் பழம் சீக்கிரம் சிவந்துவிடும். உள்ளே கொட்டை நிரம்பியிருக்காது. இரவில் நன்றாகக் குளிரும் சரிவில் பழம் சில வாரங்கள் பிந்திப் பழுக்கும். கொட்டை கெட்டிப்படும். மலைக் காப்பியின் புளிப்பும் இனிப்பும் வாசமும் இந்தச் சில வாரங்களைப் பொறுத்தவை. கோஸ்டாரிகாவில் நடந்த ஓர் ஆய்வில், நிழல் மரங்களின் கீழ் நின்ற செடிகளில் பழம் ஒரு மாதம் வரை பிந்தியது. காப்பியின் தரம் உயர்ந்தது.

தரத்தை அளக்கும் முறைக்குக் கப்பிங் என்று பெயர். பல ஆண்டுகளாக வழங்கிவரும் விதி இது: 8.25 கிராம் தூள், 150 மில்லி நீர், 93 டிகிரி சூடு. நான்கு நிமிடம் கழித்து மேலே மிதக்கும் படலத்தைக் கரண்டியால் விலக்கி முகர்வார்கள். ஆறியதும் உறிஞ்சிச் சுவைப்பார்கள். ஒரே காப்பியை ஐந்து கிண்ணங்களில் வைப்பார்கள். ஒரு கிண்ணம் பிசகினாலும் மதிப்பெண் குறையும். 100-க்கு 80 வந்தால் அது சிறப்புக் காப்பி. 79 வந்தால் பொதுச் சந்தைச் சரக்கு.

80-க்கும் 79-க்கும் இடையே தோட்டத்தில் நடப்பவை பல. அவற்றில் ஒன்று உலர்த்தல். பழத்தைப் பல்பர் என்ற எந்திரத்தில் தோலுரித்து, கொட்டையைச் சுற்றியுள்ள வழவழப்பு கரையும்வரை தொட்டியில் புளிக்கவிட்டு, கழுவி, வெயிலில் காயவைப்பார்கள். ஈரப்பதம் 10 முதல் 12 சதவீதத்துக்கு இறங்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். தமிழ்நாட்டு மலைகளில் அரபிகா அறுவடை நவம்பரில் சூடுபிடிக்கிறது. வடகிழக்குப் பருவமழையும் அந்த மாதத்தில் பெய்கிறது. களத்தில் கிடக்கும் கொட்டை நனைந்தால் பூஞ்சை பிடிக்கும். சில பூஞ்சைகள் ஓக்ராடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது சிறுநீரகத்தைப் பாதிக்கும். வறுத்தாலும் முழுதாகப் போகாது. வறுத்த காப்பியில் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கும் அளவு கிலோவுக்கு 5 மைக்ரோகிராமாக இருந்தது. 2023 முதல் அது 3.

ஆனால் களத்துக்கு வருமுன்பே கணக்கு மாறத் தொடங்கிவிட்டது. தான்சானியாவில் 1960-களிலிருந்து சேர்த்த விளைச்சல் விவரங்களை வெப்பநிலையோடு ஒப்பிட்டு 2015-இல் ஓர் ஆய்வு வெளியானது. பகல் சூட்டைவிட இரவின் குறைந்தபட்ச வெப்பநிலையே விளைச்சலோடு நெருங்கிய தொடர்புடையது என்று அது கண்டது. இரவு ஒரு டிகிரி சூடானால் ஹெக்டேருக்கு 137 கிலோ குறைகிறது. அங்கே சிறு விவசாயிகளின் விளைச்சலே ஹெக்டேருக்குச் சில நூறு கிலோதான்.

குளிருக்கு இன்னொரு வேலையும் உண்டு. நோயை அது கீழேயே நிறுத்திவைத்திருந்தது.

காப்பி இலைத்துரு ஒரு பூஞ்சை நோய். இலையின் அடிப்பக்கம் ஆரஞ்சுத் தூள் படியும், இலை உதிரும், அடுத்த ஆண்டின் காய்ப்பு போகும். ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்ற இந்தப் பூஞ்சைக்கு 1869-இல் பெயர் வைத்தார்கள். மாதிரி இலைகள் போனது இலங்கையிலிருந்து. அப்போது உலகின் பெரிய காப்பி ஏற்றுமதியாளர்களில் இலங்கையும் ஒன்று. மதராஸ் மாகாணத்திலிருந்து கங்காணிகளின் பின்னால் நடந்துபோன தமிழர்கள் அந்தத் தோட்டங்களில் வேலை செய்தார்கள்.

அங்கே அழிவு உடனே தெரியவில்லை. ஏக்கருக்கு விளைச்சல் சரிந்தது. அதே ஆண்டுகளில் உலகச் சந்தையில் விலை ஏறியது. ஏறிய விலை சரிவை மறைத்தது. மேலும் காடு வெட்டி மேலும் காப்பி நட்டார்கள்; 1878-இல் காப்பிப் பரப்பு சுமார் 2,75,000 ஏக்கரைத் தொட்டது. அதாவது, நோய் வந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு தோட்டங்கள் முன்பைவிட அதிகம். பூஞ்சையின் வாழ்க்கைச் சுழற்சியை ஆராயத் தாவரவியலாளர் ஹாரி மார்ஷல் வார்டு வந்தது 1880-இல். காப்பித் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884-இல் மூழ்கியது. கூலி பாக்கியுடன் ஊர் திரும்பிய தொழிலாளர்கள் பலர். 1890-களில் அந்த மலைகளில் காப்பிக்குப் பதில் தேயிலை நின்றது.

பூஞ்சை உலகம் சுற்றியது. 1970-இல் பிரேசில். 1976-இல் நிகராகுவா. மத்திய அமெரிக்காவின் உயரமான தோட்டங்களில் அது இருந்தும் பெரிதாகப் பாதிக்கவில்லை. தொற்றிய நாளிலிருந்து புதிய வித்துகள் வெளிவரும்வரை உள்ள இடைவெளிக்கு மறைகாலம் என்று பெயர். சூட்டில் அது மூன்று, நான்கு வாரம். குளிரில் அதைவிட நீளும். நீண்டால், ஒரு பருவத்துக்குள் நோய் அத்தனை முறை பெருக முடியாது.

கொலம்பியா 2007-இல் 60 கிலோ மூட்டைகளாக 1.26 கோடி விளைவித்தது. இலைத்துரு தாக்கிய பிறகு, 2009-இல் 78 லட்சம். 2012-இல் மத்திய அமெரிக்காவிலும் நோய் வெடித்துப் பரவியது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் குவாதமாலா அவசரநிலை அறிவித்தது. பயிரிட்ட பரப்பில் பாதிக்கு மேல் தொற்று. லட்சக்கணக்கானோருக்கு வேலை போனது. வானிலை மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது: உர விலை ஏறியிருந்தது, காப்பி விலை இறங்கியிருந்தது, கவனிப்பு குறைந்த செடிகள் எளிதில் விழுந்தன. ஆனால் பதிவுகளில் ஒரு மாற்றம் தெளிவாக இருந்தது. பகலுக்கும் இரவுக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாடு குறைந்திருந்தது. மறைகாலம் சுருங்கியிருந்தது. முன்பு தப்பித்த உயரங்களில் இலைகள் உதிர்ந்தன.

எதிர்ப்புத் திறனுள்ள இனங்கள் உண்டு. அவற்றின் வரலாறும் உண்டு. இந்தியாவில் 1911-இல் தேர்ந்தெடுத்த கென்ட்ஸ் இனம் துருவைத் தாங்கியது. பூஞ்சையில் ஒன்றுக்கு மேற்பட்ட வகைகள் இருப்பதை 1930-களில் கர்நாடகத்தின் பாலேஹொன்னூரில் மேய்ன் என்ற ஆய்வாளர் காட்டினார். கென்ட்ஸ் புதிய வகைக்குப் பணிந்தது. இன்று அடையாளம் கண்ட வகைகள் 50-க்கு மேல். அரபிகாவும் ரொபஸ்டா என்ற மற்றொரு காப்பி இனமும் தானாகக் கலந்து தைமூர் தீவில் உருவான ஒரு செடியிலிருந்து அடுத்த தலைமுறை இனங்கள் வந்தன. இந்தியாவின் காவேரி அந்த வழி. ஹோண்டுராஸின் லெம்பிராவும் அந்த வழி. 2012-க்குப் பிறகு லெம்பிராவை நம்பி ஏராளமாக நட்டார்கள். 2017-இல் அது எதிர்ப்பை இழந்துவிட்டதாக அந்நாட்டுக் காப்பி நிறுவனம் அறிவித்தது.

இத்தனை எளிதில் தோற்பதற்குக் காரணம் பழையது. அரபிகா இரண்டு காட்டு இனங்கள் எப்போதோ ஒருமுறை கலந்ததால் பிறந்தது. தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். எத்தியோப்பியாவிலிருந்து ஏமனுக்குச் சில விதைகளே போயின. 1706-இல் ஜாவாவிலிருந்து ஆம்ஸ்டர்டாம் தாவரத் தோட்டத்துக்குப் போன செடியின் வழித்தோன்றல்களே லத்தீன் அமெரிக்காவின் பழைய தோட்டங்களில் பெரும்பகுதி. வேறு மரபணு வேண்டுமானால் பெரும்பாலும் எத்தியோப்பியக் காட்டுக்குத்தான் போக வேண்டும். அங்குள்ள காட்டு அரபிகா அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. காப்பி விதையை நெல், கோதுமை போல உலர்த்திக் குளிர்பெட்டியில் வைத்துவிட முடியாது. முளைப்புத் திறன் போய்விடும். உயிருள்ள மரங்களாக வளர்த்துத்தான் காக்க வேண்டும். எதுவும் செய்யாவிட்டால் எத்தியோப்பியாவின் இன்றைய காப்பி நிலத்தில் 39 முதல் 59 சதவீதம் இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் காப்பிக்கு ஒவ்வாததாகும் என்று 2017-இல் ஓர் ஆய்வு கணித்தது.

மேலே ஏறலாம் என்பது வழக்கமான பதில். ஏற்காடு ஊர் சுமார் 1,500 மீட்டரில் இருக்கிறது. சேர்வராயன் உச்சி 1,620 மீட்டர் அளவில். இடையில் உள்ளது 120 மீட்டர், அதாவது முக்கால் டிகிரிக்கும் குறைவு. உச்சியில் கோயில் இருக்கிறது. கொடைக்கானல் மலையில் ஏற இடம் உண்டு. ஆனால் மேலே இருப்பவை சோலைக்காடுகள், அங்கே தோட்டம் போட அனுமதி இல்லை. காய்த் துளைப்பான் வண்டும் ஏறுகிறது. சுமார் 15 டிகிரிக்குக் கீழே அது வளராது. இந்தியாவில் அதை 1990-இல் கூடலூரில் முதலில் கண்டார்கள்.

2025 பிப்ரவரியில் அரபிகாவின் விலை நியூயார்க் சந்தையில் பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியது. அதுவரை இல்லாத உச்சம். பல நாடுகளில் புதிய கன்றுகள் நடப்படுகின்றன.

இன்று நட்ட கன்று மூன்றாம், நான்காம் ஆண்டில் காய்க்கும்; பராமரித்தால் 30 ஆண்டுக்கு மேல் நிற்கும். வழக்கமான முறையில் ஒரு புதிய அரபிகா இனத்தை உருவாக்கி விவசாயி கையில் கொடுக்க 20 முதல் 30 ஆண்டுகள் ஆகும். தென்னிந்திய மலைகளில் இன்னும் பரவலாக நிற்கும் எஸ்.795, 1940-களில் வெளியிட்ட இனம்.