நெஞ்சுவலி வந்தால்

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் ரப்பர் பால் வெட்டுவோர் பலர். மேடு ஏறும்போது சிலருக்கு நெஞ்சு இறுகும். சற்று நின்றால் சரியாகும். "வாயு" என்று சோடா குடிப்பார்கள்.

அது வாயு தானா?

இதயம் ஒரு தசை. அதற்கும் இரத்தம் வேண்டும். இரத்தக் குழாயில் கொழுப்பு படிந்தால் வழி குறுகும். கடின வேலையின்போது இரத்தம் போதாது. அதனால் வலிக்கும். இது எச்சரிக்கை. உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மாரடைப்பு என்றால் என்ன?

குறுகிய குழாயில் இரத்தம் உறைந்தால் வழி அடைபடும். இதுவே மாரடைப்பு. நடு நெஞ்சில் பாரம் வைத்தது போல் இருக்கும். வலி கை, தாடை, முதுகுக்குப் பரவும். வியர்க்கும். ஓய்வெடுத்தாலும் வலி நிற்காது. பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் சில நேரம் வலி இராது. மூச்சுத் திணறலும் களைப்பும் மட்டும் வரும்.

என்ன செய்ய வேண்டும்?

நோயாளியை நடக்க விடாதீர்கள். உட்கார வையுங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் எண் இதுவே. கசாயம் கொடுத்துக் காத்திருக்காதீர்கள்.

மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுப்பார்கள். முதல் இ.சி.ஜி. சரியாக இருந்தாலும் சிலருக்கு மீண்டும் எடுக்க வேண்டும். அவசரப்பட்டு வீடு திரும்பக் கூடாது.

உறைந்த இரத்தத்தைக் கரைக்க ஊசி உண்டு. அதை 12 மணி நேரத்துக்குள் போட வேண்டும். முதல் சில மணி நேரத்தில் பலன் அதிகம். பலூன் மூலம் குழாயை விரிக்கும் சிகிச்சையும் உண்டு. திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதைச் செய்கிறார்கள். பாறசாலையிலிருந்து அது 30 கிலோமீட்டருக்கு மேல்.

வீட்டில் வீணாகும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை அழிகிறது. அழிந்த தசை மீண்டும் வளராது.