மூன்றாவது தவறுக்கு ஆயுள் சிறை

1990களின் தொடக்கத்தில் அமெரிக்கர்களின் தூக்கத்தைக் கெடுத்தது அந்நிய எதிரி அல்ல, தெருமுனைத் துப்பாக்கி. போதைக் கும்பல்களின் மோதலில் நகரங்கள் நடுங்கின. பயம் ஓட்டாக மாறும் என்பதை அரசியல்வாதிகள் புரிந்துகொண்டார்கள்.

1994 மார்ச்சில் கலிஃபோர்னியா ஒரு கடும் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஏற்கனவே இரண்டு கடும் குற்றங்களுக்குத் தண்டனை பெற்றவர் மூன்றாவது முறை பெருங்குற்றத்தில் சிக்கினால் 25 ஆண்டு முதல் ஆயுள் வரை சிறை. பேஸ்பால் ஆட்டத்தில் மூன்று பந்தைத் தவறவிட்டால் அவுட் என்பதுபோல. செப்டம்பரில் அதிபர் கிளிண்டன் தேசியச் சட்டத்தில் கையெழுத்திட்டார்: சுமார் 3,000 கோடி டாலர், 1 லட்சம் கூடுதல் போலீஸார், புதிய சிறைகள்.

குற்றங்கள் குறைந்தது உண்மை. ஆனால் அந்தச் சரிவு சட்டத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. சிறைகளோ நிரம்பி வழிந்தன. 2002இல் கைதிகள் 20 லட்சத்தைத் தாண்டினர். மூன்று கோல்ஃப் மட்டைகளைத் திருடிய பழைய குற்றவாளி ஒருவருக்குக் கிடைத்த '25 ஆண்டு முதல் ஆயுள்' தண்டனையை 2003இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது.

2012இல் கலிஃபோர்னியா வாக்காளர்களே சட்டத்தைத் தளர்த்தினார்கள். தன் சட்டம் நிலைமையை மோசமாக்கியது என்று 2015இல் கிளிண்டனும் ஒப்புக்கொண்டார். பயத்தில் ஒரே ஆண்டில் பூட்டிய கதவைச் சற்றே திறக்க 18 ஆண்டுகள் பிடித்தன.