நோட்டில் இருக்கிறதா, துண்டுத் தாளிலா?

வீட்டுச் சமையல் குறிப்பு நோட்டு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். பாட்டி எழுதியது, அம்மாவிடம் வந்தது, அடுத்து மகளுக்குப் போகும். பாக்டீரியாவின் குரோமோசோம் அந்த நோட்டு மாதிரி. செல் பிரியும்போது வாரிசுக்குத்தான் சேரும். நோட்டுக்குள் ஒரு துண்டுத் தாளும் செருகியிருக்கும். பக்கத்து வீட்டு மாமி கேட்டால் நோட்டைத் தூக்கிக் கொடுக்கமாட்டோம், தாளைப் பார்த்து எழுதிக்கொள்ளச் சொல்வோம். அந்தத் தாள்தான் பிளாஸ்மிட்: பெரும்பாலும் வட்டமாக இருக்கும் சிறு டிஎன்ஏ.

ஒரு பாக்டீரியா மெல்லிய இழை நீட்டி இன்னொன்றை இழுத்து ஒட்டிக்கொள்கிறது. பிளாஸ்மிட்டின் இரண்டு இழைகளில் ஒன்று மட்டும் அந்தப் பக்கம் போகிறது. குறையும் இழையை இரு வீட்டாரும் எழுதி நிரப்பிக்கொள்கிறார்கள். கொடுத்தவருக்கு நஷ்டமே இல்லை! வாங்குபவர் சொந்தக்காரராக இருக்கவேண்டும் என்றும் இல்லை. ஈ.கோலை என்ற பாக்டீரியாவின் தாள் கிளெப்சியெல்லா என்ற வேறு பாக்டீரியாவின் வீட்டுக்கும் போகும்.

நோட்டில் இருந்த குறிப்பு தாளுக்கு எப்படி வருகிறது? டிரான்ஸ்போசான் என்னும் தாவும் டிஎன்ஏ துண்டு அதைச் செய்கிறது. தன்னை வெட்டி ஒட்டும் கத்தரிக்கோலை, அதாவது ஒரு நொதியை, தயாரிக்கும் முறையையும் அது தன்னுள்ளேயே எழுதி வைத்திருக்கிறது. இப்படித் தாவும் துண்டுகளை 1940களில் மக்காச்சோளத்தில் கண்டவர் பார்பரா மெக்ளின்டாக். நோபல் குழு விழித்துக்கொள்ள 1983 ஆயிற்று.

கொலிஸ்டின் கதையைப் பார்த்தால் இந்தத் தாள் பரிமாற்றத்தின் வீரியம் புரியும். வேறு மருந்துகள் கைவிட்ட பிறகு மருத்துவர்கள் எடுக்கும் ஆன்டிபயாடிக் அது. பாக்டீரியாவின் வெளிச்சவ்விலுள்ள எதிர்மின்னூட்டத்தைப் பற்றிக்கொண்டு சவ்வைக் கிழிக்கும். அதை எதிர்க்கும் பாக்டீரியாக்கள் முன்பும் இருந்தன. ஆனால் எதிர்ப்பு அவற்றின் நோட்டில் இருந்ததால் பரவல் மந்தம். 2015 நவம்பரில் சீன ஆய்வாளர்கள் எம்சிஆர்-1 என்ற மரபணுவை அறிவித்தார்கள். சவ்வின் மின்னூட்டத்தைக் குறைத்து மருந்தை வழுக்கவிடும் மரபணு அது. பன்றியிலிருந்து எடுத்த ஈ.கோலையில், துண்டுத் தாளில் இருந்தது! சீனாவில் அப்போது கொலிஸ்டினைத் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். அறிவிப்பு வந்த சில மாதங்களிலேயே பல நாடுகளில் அது தென்பட்டது.

சமையலறை உவமை ஓரிடத்தில் உதவாது. சில பிளாஸ்மிட்டுகள் விஷமும் முறிவும் சேர்த்தே தயாரிக்கும். முறிவு சீக்கிரம் சிதையும், விஷம் நிற்கும். தாளைத் தொலைத்த செல் செத்துப்போகும். எந்த மாமியும் இவ்வளவு கெடுபிடி செய்வதில்லை.

ஆனாலும் மருந்தை நிறுத்தினால் பலன் உண்டு. 2017இல் சீனா தீவனத்தில் கொலிஸ்டின் கலப்பதைத் தடை செய்தது. அதன்பின் பன்றிகளிலும் மனிதர்களிலும் எம்சிஆர்-1 குறைந்தது. இந்தியா 2019 ஜூலையில் உணவுக்கான கால்நடை, கோழி, மீன் வளர்ப்பில் கொலிஸ்டினைத் தடை செய்தது.