உறங்கும் கிருமி

காட்டுமன்னார்கோயிலை அடுத்த வீராணம் ஏரியின் நீர், 2004ஆம் ஆண்டு முதல் குழாய் வழியே சென்னைக்குச் செல்கின்றது. நகரில் நீரை மூடாத தொட்டிகளில் தேக்கினால், அனாபிலஸ் கொசு அங்கே முட்டையிடும், குற்றம் ஏரியினுடையதன்று.

அக்கொசுவின் உமிழ்நீரோடு உடலுட் புகும் மலேரியாக் கிருமி, முதலில் கல்லீரலின் உயிரணுக்களில் தங்கிப் பல்லாயிரமாய்ப் பெருகும். பின்னர்க் குருதியிலுள்ள செவ்வணுக்களைத் தாக்கும். வைவாக்ஸ் என்னும் இனம் இளஞ்செவ்வணுக்களையே நாடும். அணுவின் மேற்புறத்துள்ள டஃபி என்னும் புரதத்தைப் பற்றிக்கொண்டே அது உள்ளே நுழைகின்றது. கள்வனுக்கும் கைப்பிடி வேண்டுமன்றோ! அப்புரதம் இல்லாத மேற்கு ஆப்பிரிக்க மக்களை இவ்வினம் பெரும்பாலும் பற்றுவதில்லை.

உட்புகுந்த கிருமி அணுவின் செந்நிறப் பொருளை உண்டு பெருகி, ஏறத்தாழ 48 மணி நேரத்தில் அதனை உடைத்துக்கொண்டு வெளிவரும். குளிரும் காய்ச்சலும் அப்பொழுதே தோன்றுகின்றன.

வைவாக்ஸ் கிருமிகளுள் சில, கல்லீரலிலேயே உறங்கிக் கிடக்கும். காய்ச்சல் நின்றதெனக் கருதி, மருத்துவர் 14 நாளைக்குத் தந்த பிரைமாக்குவின் மாத்திரையை இடையில் நிறுத்தியவரை, அவை திங்கள் சில கழித்து விழித்தெழுந்து மீண்டும் வாட்டக்கூடும்.