ஹோமோசிஸ்டீன் அறிக்கையும் பக்கவாத அச்சமும்

சில மாதங்களுக்கு முன் புறநோயாளிப் பிரிவுக்கு ஒரு தந்தையும் மகனும் வந்திருந்தனர். முழு உடல் பரிசோதனை அறிக்கையில், தந்தையின் இரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் மிகுதி என்று தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தது. "இதனால் பக்கவாதம் வருமாமே டாக்டர்! அப்பாவுக்கு ஃபோலிக் அமில மாத்திரை தொடங்கிவிட்டோம்" என்றார் மகன். இரத்த அழுத்த மாத்திரையைப் பற்றிக் கேட்டேன். தந்தை சற்றுத் தயங்கி, "மாத்திரைகள் கூடிக்கொண்டே போகின்றன என்று அதை நிறுத்திவிட்டேன்" என்றார். அன்று அவருடைய இரத்த அழுத்தம் 178/104.

அவர்களுடைய அச்சம் முற்றிலும் ஆதாரமற்றது அன்று. உணவிலுள்ள புரதம் உடலில் மாற்றமடையும்போது உண்டாகும் ஒரு பொருளே ஹோமோசிஸ்டீன். அதைத் தங்கவிடாமல் அகற்ற ஃபோலேட், பி12, பி6 ஆகிய வைட்டமின்கள் தேவை. பக்கவாதம் வந்தவர்களின் இரத்தத்தில் அது கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டுள்ளன. ஆனால் புகைபிடிப்போர், சிறுநீரகம் பழுதுற்றோர், முதியோர் ஆகியோருக்கும் அது உயர்கிறது; பக்கவாதமும் அவர்களுக்கே மிகுதியாக வருகிறது. அப்படியானால் குற்றவாளி ஹோமோசிஸ்டீனா, அல்லது அது குற்றம் நடந்த இடத்தில் நின்றிருந்த வழிப்போக்கனா?

இதைப் பிரித்தறிய மரபணு உதவுகிறது. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என ஒவ்வொரு மரபணுவிலும் இரு படிகளைப் பெறுகிறோம். பெற்றோரிடமுள்ள இரண்டில் எது நமக்கு வருகிறது என்பது பூவா தலையா போடுவது போன்றது. நாம் பின்னாளில் புகைபிடிப்போமா, என்ன உண்போம் என்பதெல்லாம் அந்தத் தேர்வை மாற்றுவதில்லை. எனவே ஓர் இரத்தப் பொருளைப் பிறவியிலிருந்தே உயர்த்தி வைக்கும் மரபணு மாற்றம் உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் ஒப்பிட்டால், இயற்கையே நடத்திய ஒரு மருந்துச் சோதனையைப் பார்ப்பதற்கு ஒப்பாகும். இதற்கான கருத்தை 1986இல் 'லான்செட்' இதழில் மார்ட்டின் கட்டான் என்ற டச்சு ஆய்வாளர் ஒரு சிறு கடிதமாக எழுதினார். இன்று இம்முறைக்கு 'மெண்டலியன் ராண்டமைசேஷன்' என்று பெயர்.

ஹோமோசிஸ்டீனை உயர்த்தும் மரபணு மாற்றம் ஒன்று எம்.டி.எச்.எஃப்.ஆர். என்னும் மரபணுவில் இருக்கிறது. அம்மாற்றத்தை இரு படிகளிலும் பெற்றவர்களுக்குப் பக்கவாதமும் சற்றுக் கூடுதல் என 2005இல் தொகுத்துப் பார்த்த ஆய்வொன்று காட்டியது. அப்படியானால் வைட்டமின் கொடுத்தால் போதுமே என்று தோன்றும். ஆனால் 2004இல் வெளிவந்த, முன்பே பக்கவாதம் வந்தவர்களிடம் நடத்திய பெரிய சோதனையில், அதிக அளவு வைட்டமின் தந்தும் பக்கவாதம் மீண்டும் வருவது குறையவில்லை. அச்சோதனை பெரும்பாலும் நடந்த அமெரிக்காவில் 1998 முதலே தானிய மாவில் ஃபோலிக் அமிலம் கட்டாயமாகக் கலக்கப்படுகிறது. நிறைந்த குடத்தில் மேலும் நீர் ஊற்றினால் என்ன பயன்? 2011இல் வந்த மரபணு ஆய்வும் உணவில் ஃபோலேட் குறைந்த பகுதிகளிலேயே அம்மரபணுவின் தாக்கம் பெரிது எனக் காட்டியது.

2015இல் சீனாவிலிருந்து வந்த முடிவு இதற்குப் பொருந்துகிறது. பக்கவாதமோ மாரடைப்போ வராத, இரத்த அழுத்தம் உள்ள 20,702 பேர் அதில் பங்கேற்றனர். ஏறத்தாழ நாலரை ஆண்டுகளில், எனலாப்ரில் மட்டும் பெற்றவர்களில் 3.4 விழுக்காட்டினருக்கும், அதனுடன் ஃபோலிக் அமிலமும் பெற்றவர்களில் 2.7 விழுக்காட்டினருக்கும் முதல் பக்கவாதம் வந்தது. ஆயிரம் பேருக்கு ஏழு பேர் தப்பினர். ஆனால் எனலாப்ரில் இரத்த அழுத்த மாத்திரை. இரு தரப்பினருமே அதை உண்டனர். நம் நோயாளி நிறுத்தியது அத்தகைய மாத்திரையைத்தான்.

எல்லாக் குறிகாட்டிகளும் இத்தகையவை அல்ல. அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. மாரடைப்பு அபாயம் உள்ளவர்களிடம் உயர்ந்திருக்கும். ஆனால் பிறவியிலேயே அதை உயர்த்தும் மரபணு பெற்றவர்களுக்கு இதய நோய் கூடவில்லை. அது நெருப்பன்று, புகை. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். அப்படியன்று: மரபணு ஆய்வும் மருந்துச் சோதனையும் அதைக் காரணமென்றே கூறுகின்றன.

ஹோமோசிஸ்டீன் மிகுதி என்று வந்தால் பி12 அளவையும் பார்க்க வேண்டும். இறைச்சி, மீன், முட்டை உண்ணாதோரிடமும் முதியோரிடமும் அதன் குறைபாட்டை அடிக்கடி காண்கிறோம். பி12 குறைந்திருக்கையில் ஃபோலிக் அமிலத்தை மட்டும் உண்டால் இரத்தசோகை சீரானது போலத் தோன்றும். நரம்புப் பாதிப்போ உள்ளே தொடரும். மருத்துவரைக் கேளாமல் அதைத் தொடங்க வேண்டாம் என்பது இதனால்தான்.

"எங்கள் குடும்பத்தில் எல்லாரும் அந்த மரபணுப் பரிசோதனையைச் செய்துகொள்ளலாமா?" என்று மகன் கேட்டார். வேண்டாம் என்றேன். பல்லாயிரம் பேரை ஒப்பிடும்போது பேசும் அந்த மரபணு, ஒருவரிடம் தனியே கண்டால் சிகிச்சையை மாற்றுவதில்லை. அதற்குப் பதிலாக அவரையே நாற்காலியில் ஐந்து நிமிடம் அமரவைத்துக் கையில் பட்டையைச் சுற்றினோம். 152/96. அவருக்கு வயது முப்பத்தாறு. அதுவரை ஒருமுறைகூட இரத்த அழுத்தம் பார்த்ததில்லையாம்.