சங்கு ஊதினால் விமானம்



பசிபிக் பெருங்கடலில் ஒன்பது சிறு தீவுகள் சேர்ந்தது துவாலு நாடு. மொத்த நிலப்பரப்பு 26 சதுர கிலோமீட்டர். அங்கே இருப்பது ஒரே விமான நிலையம், தலைநகர் ஃபுனாஃபுட்டியில். பிஜியிலிருந்து 1,000 கிலோமீட்டருக்கும் மேல் கடலைத் தாண்டி, சுமார் 70 பேர் அமரும் ஏ.டி.ஆர். ரக விமானம் வருகிறது. வானிலை கெட்டுவிட்டால் பக்கத்து ஊரில் இறங்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அதனால் கூடுதல் எரிபொருள் சுமந்தாக வேண்டும். அந்த அளவுக்குப் பயணிகளின் பெட்டியும் சரக்கும் குறையும்.

ஓடுபாதைதான் ஊரின் திடலும்கூட. மாலையில் பிள்ளைகள் அங்கே பந்து விளையாடுவார்கள், மோட்டார் சைக்கிள்கள் ஓடும். விமானம் வரும் நேரத்தில் சங்கு ஊதும், எல்லோரும் ஒதுங்கிவிடுவார்கள். நீளமான, ஒடுங்கிய தீவில் இவ்வளவு பெரிய வெட்டவெளி வேறு எது?

ஆனால் அந்த வசதிக்குத் தீவு கொடுத்த விலை பெரிது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினர் தீவின் பவளமண்ணையே தோண்டித்தான் இந்தப் பாதையைப் போட்டார்கள். தோண்டிய பள்ளங்களில் உப்புநீரும் குப்பையும் தேங்கின. பள்ளங்களின் ஓரத்திலேயே குடும்பங்கள் வாழ்ந்தன. நியூசிலாந்தின் உதவியோடு அந்தப் பள்ளங்கள் மணலால் நிரப்பப்பட்டது 2015இல்தான். நாட்டுக்கே ஓடுபாதை இது ஒன்றுதான் என்பதால், துவாலுவின் மற்ற தீவுகளுக்குப் போக இன்றும் கப்பல்தான்.